சந்தேகம் வந்ததுமே சொல்லுங்கள்: அறிவிக்க வேண்டிய நோய்களைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிப்பது எப்படி

மாலை நேரம். புறநோயாளிப் பிரிவில் கடைசியாக நாலைந்து பேர்தான் மிச்சம். நான்கு வயதுக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓர் அம்மா உள்ளே வருகிறார். குழந்தைக்கு நான்கு நாளாகக் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல். கண்கள் சிவந்து நீர் கோத்திருக்கின்றன. நேற்றுக் காலை காதோரம் தெரிந்த தடிப்புகள் முகம் முழுக்கப் பரவி, இப்போது மார்புக்கு இறங்கிவிட்டன. தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்றா என்று கேட்டால், "வீடு மாறினதுல அந்த ஊசி விட்டுப்போச்சு டாக்டர்" என்கிறார்.

தட்டம்மையாக இருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றிவிடுகிறது. ரத்தம் எடுக்கிறீர்கள், தொண்டையில் ஸ்வாப் எடுக்கிறீர்கள். ரிசல்ட் வர மூன்று நாள் ஆகும் என்கிறார்கள் லேபில். சரி, இதைப் பொது சுகாதார அலுவலகத்துக்கு இப்போதே சொல்வதா, ரிசல்ட் வந்த பிறகு சொல்வதா?

இப்போதே. அந்தக் குழந்தை கட்டடத்தை விட்டு வெளியே போகும் முன்பே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

ஏன் இவ்வளவு அவசரம்? தட்டம்மை நோயாளி எழுந்து போன பிறகும் அவர் விட்டுச்சென்ற கிருமி அந்த அறைக் காற்றில் 2 மணி நேரம் வரை தங்கியிருக்கும். காத்திருப்பு அறையில் அந்த நேரத்தில் யார் யார் இருந்தார்கள்? சளிக்குக் காட்ட வந்த கைக்குழந்தை இருந்திருக்கலாம். ஒரு கர்ப்பிணி இருந்திருக்கலாம். புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர் இருந்திருக்கலாம். இவர்களில் தடுப்பூசி போடத் தகுதி உள்ளவர்களுக்குத் தொற்று பட்ட 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்பு உண்டு. ஊசி போட முடியாதவர்களுக்கு 6 நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் (நோயை எதிர்க்கும் புரதங்கள் கொண்ட மருந்து) கொடுக்கலாம். ரிசல்ட்டுக்கென்று மூன்று நாள் காத்திருந்தால் அந்த 72 மணி நேரம் அதிலேயே கரைந்துபோகும். தாள் கைக்கு வரும்போது நோய் உறுதியாகியிருக்கும். தடுப்பதற்கான நேரம் முடிந்திருக்கும்.

நான் பல வருடங்களாகச் சுகாதார அலுவலகத்தில் இத்தகைய அறிக்கைகள் வந்து சேரும் மேசையில் இருப்பவன். தாமதமாக வந்த அறிக்கைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அலட்சியம் இல்லை. "உறுதியானதும் சொல்லலாம்" என்ற நல்லெண்ணம்தான். அதனால்தான் புதிதாக வேலைக்கு வரும் மருத்துவர்கள், செவிலியர்கள், லேப் பணியாளர்களுக்காக இதை எழுதுகிறேன். முழுக்க எழுதிவிட்டு அனுப்ப வேண்டும் என்று நினைக்காதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு சேர்க்கலாம்.

முதல் வேலை: பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

எந்தெந்த நோயைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு நாட்டிலும் சட்டமோ அரசாணையோ சொல்கிறது. பட்டியல் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. ஒரே நாட்டுக்குள்கூட மாறும். அமெரிக்காவில் தேசிய அளவில் ஒரு பட்டியல் உண்டு, ஆனால் மருத்துவரைக் கட்டுப்படுத்துவது அந்தந்த மாநிலத்தின் சட்டம்தான். ஆகவே படித்த இடத்தில் மனப்பாடம் செய்த பட்டியலை நம்பி வேலை செய்யாதீர்கள். இப்போது வேலை பார்க்கும் இடத்தின் பட்டியலைத் தேடி எடுங்கள். அதில் எந்த வருடத்தில் திருத்தப்பட்டது என்று போட்டிருக்கும், அதையும் பாருங்கள். பட்டியல் வளர்ந்துகொண்டே இருக்கும் ஒன்று. இந்தியாவில் காசநோய் 2012-இல்தான் இந்தப் பட்டியலுக்குள் வந்தது. கோவிட் 2020-இல் உலகம் முழுக்க அவசர அவசரமாகச் சேர்க்கப்பட்டது.

பட்டியலில் நோயின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கால அளவு இருக்கும். பெயரைவிட அது முக்கியம். பொதுவாக மூன்று வகை வரும். முதல் வகை, தொலைபேசியை எடுத்து உடனே சொல்ல வேண்டியவை. போலியோ, டிப்தீரியா, காலரா, பிளேக், ஆந்த்ராக்ஸ், எபோலா போன்ற ரத்தக்கசிவுக் காய்ச்சல்கள், மெனிங்கோகாக்கஸ் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சல், பல இடங்களில் தட்டம்மை எல்லாம் இதில் அடங்கும். அடுத்த வகை, ஒரு நாளுக்குள்ளோ சில நாட்களுக்குள்ளோ சொல்ல வேண்டியவை. மூன்றாவது வகை, வாரக் கணக்கில் மொத்தமாகச் சேர்த்து அனுப்புபவை. இங்கிலாந்தில் இதை எளிமையாக வைத்திருக்கிறார்கள்: அவசரமானது என்றால் 24 மணி நேரத்துக்குள் தொலைபேசியில், மற்றதெல்லாம் 3 நாட்களுக்குள் எழுத்தில். நீங்கள் இருக்கும் இடத்தில் எப்படி என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போது தேடாதீர்கள்.

கூடவே இரண்டு தொலைபேசி எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அலுவலக நேரத்துக்கு. இன்னொன்று இரவுக்கும் விடுமுறை நாளுக்கும். இரண்டாவது எண்தான் பல இடங்களில் யாருக்கும் தெரியாமல் கிடக்கும். வாங்கியதோடு விடாமல் ஒரு தடவை அழைத்துப் பாருங்கள், யார் எடுக்கிறார்கள் என்று.

இந்த ஏற்பாடு எவ்வளவு பழையது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். அமெரிக்காவின் ரோட் தீவில், அது இன்னும் பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த 1741-இல், மதுச்சத்திரம் நடத்துவோர் தங்கள் வாடிக்கையாளர்களிடம் தொற்றுநோய் தெரிந்தால் அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும் என்று விதி இருந்தது. இங்கிலாந்தில் 1889-இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்து, 1899-இல் நாடு முழுக்கக் கட்டாயமானது. கிருமியைப் பார்த்து நோயை உறுதிசெய்யும் லேப் வசதி பரவலாகும் முன்பே சொல்வது கடமையாகிவிட்டது.

யார் சொல்ல வேண்டும்?

சட்டம் பொதுவாக மூன்று பேரைச் சுட்டும்: நோயாளியைப் பார்த்த மருத்துவர், நோய்க்கிருமியைக் கண்டறிந்த லேப், அந்த மருத்துவமனையின் நிர்வாகம். மூன்று பேருக்கும் பொறுப்பு இருப்பதால், மூன்று பேருமே மற்றவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிடுவதும் உண்டு. பயிற்சி மருத்துவர் மூத்த மருத்துவர் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறார். அவர் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறார். செவிலியரோ லேபிலிருந்து போயிருக்கும் என்று நினைக்கிறார். கடைசியில் பார்த்தால் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

லேப் அறிக்கை அனுப்பினாலும் உங்கள் அறிக்கை தேவை. லேபுக்குத் தெரிந்தது ஒரு குப்பி, அதன் மேல் ஒரு பெயர், வயது, ஓர் எண். நோயாளிக்கு எப்போது உடம்பு சரியில்லாமல் போனது, அவர் எங்கே வேலை செய்கிறார், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்பதெல்லாம் லேபுக்குத் தெரியாது. ஒரே நோயாளி பற்றி இரண்டு அறிக்கை வந்துவிட்டால் தொந்தரவாகிவிடுமே என்று தயங்காதீர்கள். இரண்டையும் பொருத்தி ஒன்றாக்குவது எங்கள் வேலை. ஓர் அறிக்கையும் வராவிட்டால் பொருத்த எங்களிடம் எதுவும் இருக்காது.

உங்கள் மருத்துவமனையில் கணினியே தானாக அனுப்பிவிடும் என்றால், எந்த நோய்களுக்கு அனுப்பும், எதை வைத்து அனுப்பும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல மென்பொருள்கள் லேப் ரிசல்ட் பாசிட்டிவ் என்று பதிவான பிறகுதான் விழித்துக்கொள்ளும். மருத்துவர் மனதில் எழும் சந்தேகம் அதற்குத் தெரியாது.

எந்தக் கட்டத்தில் சொல்வது?

ஒவ்வொரு நோய்க்கும் ஒரு வரையறை வகுத்திருப்பார்கள். அதில் வழக்கமாக மூன்று படி: சந்தேகத்துக்குரியவர், அநேகமாக நோய் உள்ளவர், உறுதியானவர். தட்டம்மைக்குக் காய்ச்சலும் தடிப்பும் இருந்தாலே முதல் படியில் சேர்த்துவிடும் வரையறைகள் உண்டு. போலியோ கண்காணிப்பு இன்னும் அகலமான வலை. 15 வயதுக்குக் கீழே யாருக்குத் திடீரெனக் கையோ காலோ துவண்டு செயலிழந்தாலும் சொல்ல வேண்டும். அது போலியோ இல்லை, வேறு நரம்புக் கோளாறு என்று நீங்களே நினைத்தாலும் சொல்லியே ஆக வேண்டும். போலியோவே இல்லாத இடத்தில்கூட இத்தகைய துவள்வாதம், 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பேருக்கு வருடத்துக்கு ஒன்றாவது கண்ணில் பட வேண்டும் என்பது உலக அளவில் வைத்திருக்கும் அளவுகோல். அந்த எண்ணிக்கை குறைந்தால் "நோய் இல்லை" என்று யாரும் மகிழ்வதில்லை. "யாரோ சொல்லாமல் விடுகிறார்கள்" என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

ரிசல்ட் நெகட்டிவ் என்று வந்தாலும் அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள். தட்டம்மைக்கான ஐ.ஜி.எம். ரத்தப் பரிசோதனை (கிருமிக்கு எதிராக உடம்பு முதலில் உருவாக்கும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடுவது), தடிப்பு வந்த முதல் மூன்று நாட்களில் எடுத்தால் நோய் இருந்தும் நெகட்டிவ் காட்டக்கூடும். மறுபடி எடுக்க வேண்டுமா என்பதைச் சுகாதார அலுவலகத்தோடு பேசி முடிவு செய்யுங்கள்.

என்னென்ன கேட்டு எழுத வேண்டும்?

படிவத்தில் நிறையக் கட்டங்கள் இருக்கும். எல்லாமே தேவைதான். ஆனால் மூன்றே மூன்றை மட்டும்தான் நிரப்ப நேரம் இருக்கிறது என்றால் இவற்றைக் கேளுங்கள்: முதல் அறிகுறி தொடங்கிய தேதி, தங்கியிருந்த இடம், தொழில்.

தேதியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் பார்த்த தேதியை வைத்து எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அட்மிஷன் தேதியும் அப்படித்தான். அறிகுறி தொடங்கிய தேதிதான் சாவி. மேலே சொன்ன குழந்தைக்குத் தடிப்பு வந்தது 19-ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். தட்டம்மை, தடிப்புக்கு நான்கு நாள் முன்பிருந்து நான்கு நாள் பின்பு வரை பரவும். ஆக 15 முதல் 23 வரை அந்தக் குழந்தை போன இடமெல்லாம், சந்தித்தவர்கள் எல்லாம் எங்கள் பட்டியலில் வருவார்கள். குழந்தைக்கு எங்கிருந்து தொற்றியது என்று தேட வேண்டுமா? தொற்று பட்டுத் தடிப்பு வர 7 முதல் 21 நாள் ஆகும். அப்படியென்றால் சென்ற மாதக் கடைசியிலிருந்து இந்த மாதம் 12 வரை எங்கெல்லாம் இருந்தது என்று விசாரிப்போம். தேதி மூன்று நாள் தவறினால் தேடும் இடங்களும் ஆட்களும் மொத்தமாக மாறிவிடுகிறார்கள். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ-வுக்கு இந்தக் கணக்கு 15 முதல் 50 நாள். காலராவுக்குச் சில மணி நேரம் முதல் 5 நாள்.

தேதி கேட்கும்போது "எப்போதிலிருந்து?" என்று மட்டும் கேட்டால் "ஒரு வாரமாக" என்றுதான் பதில் வரும். நோயாளிகள் தேதியை நினைவில் வைத்திருப்பதில்லை, நிகழ்ச்சியை வைத்திருப்பார்கள். "கடைசியாக வேலைக்குப் போனது என்றைக்கு? அன்றைக்கு உடம்பு எப்படி இருந்தது? மறுநாள்?" என்று நாள் நாளாகப் பின்னோக்கிக் கூட்டிப் போனால் தேதி தானாக வந்துவிடும். காலண்டரைக் கையில் கொடுத்தும் கேட்கலாம்.

அடுத்தது முகவரி. அடையாள அட்டையில் இருக்கும் முகவரி வேண்டாம். நோய் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் எங்கே தூங்கினார் என்பதே தேவை. ஒருமுறை ஒரு மருத்துவமனையிலிருந்து டெங்கு அறிக்கை வந்தது. முகவரி, தெருப் பெயர், வீட்டு எண் எல்லாம் சுத்தமாக எழுதியிருந்தார்கள். ஆட்கள் போய் அந்தத் தெருவில் தண்ணீர்த் தொட்டிகளைத் திறந்து பார்த்து, கொசுப்புழுக்களைத் தேடி அழித்துவிட்டு வந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அது சிகிச்சைக்காக அவர் வந்து தங்கிய உறவினர் வீடு. காய்ச்சல் தொடங்கியது வேறு ஊரில். டெங்குவைப் பரப்பும் கொசு பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு அப்பால் பறப்பதில்லை. நாங்கள் தவறான தெருவில் நின்றுகொண்டிருந்த நாட்களில் சரியான தெருவில் இன்னும் இரண்டு பேர் படுத்துவிட்டார்கள். எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. படிவத்தில் "முகவரி" என்று மட்டும் இருந்தால் யாரும் அப்படித்தான் எழுதுவார்கள். நீங்கள் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்.

மூன்றாவது தொழில். "தனியார் நிறுவனம்" என்று எழுதினால் பயனில்லை. டைபாய்டு வந்தவர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர் என்றால் ஒரு வழி. விடுதிச் சமையலறையில் காய் நறுக்குபவர் என்றால் வேறு வழி. குழந்தைகள் காப்பகத்தில் வேலை, முதியோர் இல்லத்தில் வேலை, மருத்துவமனையில் வேலை, மாட்டுப் பண்ணையில் வேலை ஆகிய ஒவ்வொன்றும் எங்களை வெவ்வேறு இடத்துக்கு ஓட வைக்கும். குழந்தை என்றால் எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, கடைசியாக என்றைக்குப் போனது என்று கேளுங்கள்.

இவை போக, பெயர், வயது (கைக்குழந்தை என்றால் மாதக் கணக்கில்), பால், பேசினால் எடுக்கக்கூடிய தொலைபேசி எண், அறிகுறிகள், எடுத்த மாதிரிகளும் அவற்றை எடுத்த தேதியும், லேபின் பெயர், தடுப்பூசி விவரம், அண்மைப் பயணம், கர்ப்பமா, இப்போது வீட்டிலா வார்டிலா, வீட்டில் வேறு யாருக்காவது இதே அறிகுறி உண்டா என்பதையும் எழுதுங்கள். கடைசியில் உங்கள் பெயரும் உங்களை நேரடியாகப் பிடிக்கும் எண்ணும். மருத்துவமனையின் பொது எண்ணைக் கொடுத்தால், இரவில் ஒரு சந்தேகம் கேட்க எங்களுக்கு அரை மணி நேரம் ஆகிறது.

தொலைபேசியில் எப்படிச் சொல்வது?

முதல் தடவை அழைக்கும்போது தடுமாற்றம் இருக்கும். எதிர்முனையில் இருப்பவருக்கு எது முதலில் தேவை என்று தெரிந்தால் தடுமாற்றம் போய்விடும். இப்படிச் சொல்லலாம்:

"வணக்கம், குழந்தைகள் பிரிவிலிருந்து மருத்துவர் பேசுகிறேன். உடனே அறிவிக்க வேண்டிய ஒரு கேஸ். தட்டம்மை என்று சந்தேகம், இன்னும் உறுதியாகவில்லை. நான்கு வயதுப் பெண் குழந்தை. காய்ச்சல் 16-ஆம் தேதி, தடிப்பு 19-ஆம் தேதி காலை. இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு மூன்றும் இருக்கின்றன. தட்டம்மை ஊசி போட்டதற்குப் பதிவு இல்லை. மழலையர் பள்ளிக்குப் போகிறாள், கடைசியாகப் போனது 16-ஆம் தேதி. வீட்டில் ஏழு மாதத் தம்பி இருக்கிறான். இன்று ரத்தமும் தொண்டை ஸ்வாபும் எடுத்திருக்கிறோம். குழந்தையைத் தனி அறையில் வைத்திருக்கிறேன். காத்திருப்பு அறையில் மாலை நான்கு முதல் ஐந்து வரை இருந்தாள். அந்த நேரத்திலும் அதற்குப் பிந்தைய 2 மணி நேரத்திலும் அங்கே வந்தவர்களின் பட்டியலை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நான் அடுத்து என்ன செய்ய வேண்டும்?"

ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்தக் கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். எந்த மாதிரியை எந்த லேபுக்கு அனுப்புவது, வீட்டுக்கு அனுப்பலாமா, உங்கள் ஊழியர்களில் யாருக்குத் தடுப்பு மருந்து தேவை என்பதையெல்லாம் அங்கேயே சொல்லிவிடுவார்கள்.

பேசி முடித்ததும் நோயாளியின் கோப்பில் ஒரு வரி எழுதுங்கள்: இன்ன தேதி, இன்ன மணிக்கு, இன்னாரிடம் தெரிவிக்கப்பட்டது, அவர் சொன்ன பதிவு எண் இது. அடுத்த ஷிப்டில் வருபவர் மறுபடி தடுமாற மாட்டார். அப்புறம் படிவத்தையோ இணையப் பதிவையோ முடித்துவிடுங்கள். பேசியதால் எழுத்து தேவையில்லை என்று ஆகிவிடாது. எழுதி அனுப்பிவிட்டதால் பேச வேண்டாம் என்பதும் அவசர நோய்களுக்குப் பொருந்தாது. வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிய மின்னஞ்சலைத் திங்கட்கிழமைதான் திறந்து பார்ப்பார்கள்.

மாதிரிகள்

இதில் நேரமும் குளிரும்தான் எல்லாமே. துவள்வாதம் என்றால் மலம் இரண்டு முறை எடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 24 மணி நேரம் இடைவெளி வேண்டும். செயலிழப்பு தொடங்கி 14 நாட்களுக்குள் இரண்டும் முடிந்துவிட வேண்டும். குளிர்ச்சி குறையாமல் லேப் வரை போய்ச் சேர வேண்டும். குடல் தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதாக இருந்தால், முடிந்தால் அதற்கு முன்பே மலத்தை எடுத்துவிடுங்கள். மூளைக்காய்ச்சலில் நோயாளியின் நிலை மோசமாக இருந்தால் மருந்தைத் தாமதிக்க வேண்டாம், உயிர்தான் முதலில். லேபில் இருப்பவர்களுக்கு ஒன்று: வளர்த்தெடுத்த கிருமியை ரிசல்ட் கொடுத்ததும் எறிந்துவிடாதீர்கள். பொது சுகாதார லேபுக்கு அனுப்பினால், வெவ்வேறு ஊர்களில் நோயுற்ற பத்துப் பேருக்கும் ஒரே கிருமிதானா என்று மரபணுவை ஒப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள்.

நோயாளியிடம் என்ன சொல்வது?

புதிதாக வருபவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். "நோயாளியின் ரகசியத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்கிறேனே?" என்ற உறுத்தல். அந்த உறுத்தல் நல்லது, அது இருக்கட்டும். ஆனால் அறிவிக்க வேண்டிய நோய்களைப் பொறுத்தவரை சட்டமே உங்களைச் சொல்லச் சொல்கிறது, அதற்கு நோயாளியின் சம்மதம் பொதுவாகத் தேவையில்லை. கேட்டது எவ்வளவோ அவ்வளவுதான் போக வேண்டும், உரிய அலுவலகத்துக்கு மட்டுமே போக வேண்டும். மருத்துவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பெயரோடு ரிசல்ட்டைப் போடுவது அறிவித்தல் ஆகாது. அது அந்த மனிதருக்குச் செய்யும் துரோகம். எச்.ஐ.வி. போன்றவற்றுக்குப் பல இடங்களில் தனி நடைமுறை வைத்திருக்கிறார்கள், அதைத் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள்.

சம்மதம் தேவையில்லை என்றாலும் நோயாளியிடம் சொல்லாமல் விடாதீர்கள். "இந்த நோயை நாங்கள் சுகாதாரத் துறைக்குச் சொல்லியாக வேண்டும். அவர்கள் உங்களை அழைத்துச் சில கேள்விகள் கேட்பார்கள். உங்கள் மேல் குற்றம் சொல்வதற்கு இல்லை, உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு வராமல் பார்ப்பதற்குத்தான். உங்கள் பெயரை மற்றவர்களிடம் சொல்ல மாட்டார்கள்." இவ்வளவு சொன்னால் போதும். முன்கூட்டியே தெரிந்த நோயாளி நாங்கள் அழைக்கும்போது நிதானமாகப் பேசுகிறார். தெரியாதவர் போனை வைத்துவிடுகிறார், அல்லது தொடர்பில் இருந்தவர்களின் பெயரை மறைத்துவிடுகிறார். சமையல் வேலை செய்பவரிடம் இன்னும் கனிவாகப் பேச வேண்டியிருக்கும். சில நாள் வேலைக்குப் போகக் கூடாது என்றால் அவருக்கு அது அந்த நாட்களின் வருமானம். அதையும் படிவத்தின் குறிப்பில் எழுதுங்கள். உதவி ஏதாவது செய்ய வழியிருந்தால் பார்ப்போம்.

பட்டியலில் இல்லாவிட்டால்?

பட்டியல் என்பது ஏற்கனவே தெரிந்த நோய்களின் பெயர்கள்தான். தெரியாதது வரும்போது அதில் இருக்காது. அதனால் ஏறத்தாழ எல்லாப் பட்டியலின் கடைசியிலும் "வழக்கத்துக்கு மாறான நோய், அல்லது ஒரே இடத்தில் பலருக்கு வரும் நோய்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பெரும்பாலானவர்கள் வாசிப்பதில்லை. எனக்கு மொத்தப் பட்டியலிலும் பிடித்த வரி அதுதான்.

1999 ஆகஸ்ட் 23. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் ஒரு மருத்துவமனையில் தொற்றுநோய் நிபுணராக இருந்த டெபோரா ஆஸ்னிஸ், நகரச் சுகாதாரத் துறையை அழைத்தார். வயதான நோயாளிகள் இரண்டு பேர், மூளை அழற்சி, கூடவே தசை பலவீனம். இரண்டே பேர்தான். என்ன நோய் என்றும் அவருக்குத் தெரியாது. ஆனால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறதே என்று தோன்றியது, அழைத்தார். விசாரிக்கப் போனவர்கள் அடுத்தடுத்து நோயாளிகளைக் கண்டார்கள். முதலில் வேறொரு வைரஸ் என்று நினைத்தார்கள். அதே சமயம் நகரில் காகங்கள் செத்து விழுந்துகொண்டிருந்தன. கடைசியில் அது கொசு பரப்பும் மேற்கு நைல் வைரஸ், அமெரிக்கக் கண்டங்களில் அதுவரை யாரும் கண்டிராதது. அந்தப் பருவத்தில் 62 பேருக்கு நோய் கண்டது, 7 பேர் இறந்தார்கள். பெயர் தெரியும் வரை அவர் காத்திருந்தால் கொசு ஒழிப்பு எவ்வளவு தள்ளிப்போயிருக்கும்!

2003 பிப்ரவரி இறுதியில் வியட்நாமின் ஹனோயில் ஒரு மருத்துவமனை, விசித்திரமான நிமோனியாவோடு வந்த ஒரு நோயாளியைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவர் கார்லோ ஊர்பானியிடம் சொன்னது. அவர் நேரில் போய்ப் பார்த்தார், இது புதிதாகவும் ஆபத்தாகவும் இருக்கிறது என்று மேலே சொன்னார். மார்ச் 12-இல் உலகம் முழுக்க எச்சரிக்கை போனது. அதுதான் சார்ஸ். அந்த நோயே அவருக்கும் தொற்றி மார்ச் 29-இல் இறந்தார். சார்ஸ் பரவிய நாடுகளில் அதை முதலில் கட்டுப்படுத்திய நாடாக ஏப்ரல் 28-இல் வியட்நாம் அறிவிக்கப்பட்டது.

ஆகவே ஒரே வாரத்தில் ஒரே தெருவிலிருந்து மூன்று பேர் வாந்தி பேதியோடு வந்தால், ஒரே விருந்தில் சாப்பிட்ட நான்கு பேருக்குப் பார்வை மங்கி நாக்குக் குழறினால், நல்ல ஆரோக்கியமான இளைஞர்கள் இரண்டு பேர் காரணம் தெரியாத நிமோனியாவில் சரிந்தால், பட்டியலைப் பார்க்காமல் அழையுங்கள். "ஒன்றுமில்லாததற்கு அழைத்துவிட்டேனோ" என்ற கூச்சம் வேண்டாம். அப்படி வந்த அழைப்புக்காக நான் யாரையும் கடிந்துகொண்டதில்லை.

சொன்ன பிறகு என்ன நடக்கிறது?

வட்டார அலுவலகம் நோயாளியையும் வீட்டாரையும் விசாரிக்கும். தொடர்பில் இருந்தவர்களைத் தேடும். மெனிங்கோகாக்கஸ் என்றால் நெருங்கிய தொடர்பில் இருந்தவர்களுக்கு முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து கொடுக்கும். வேறு மருத்துவமனைகளிலிருந்து வந்த அறிக்கைகளோடு சேர்த்துப் பார்க்கும். உங்களிடம் வந்த ஒருவர் உங்களுக்கு ஒரு கேஸ்தான். அதே வாரத்தில் வேறு மூன்று இடங்களிலும் ஒவ்வொருவர் வந்திருந்தால், அது எங்கள் மேசையில் மட்டும்தான் தெரியும். அங்கிருந்து மாநில அளவுக்கு, தேசிய அளவுக்குப் போகும். 2007-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச சுகாதார விதிகளின்படி, ஒரு நிகழ்வு உலகுக்கே கவலை தரக்கூடியது என்று மதிப்பிட்டால் அந்த நாடு 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். பெரியம்மை, இயற்கையான போலியோ வைரஸ், மனிதருக்குப் புதிதாக வந்த இன்ஃப்ளுயன்சா வகை, சார்ஸ் ஆகிய நான்கில் ஒரே ஒருவருக்கு வந்தாலும் மறுபேச்சின்றிச் சொல்லியாக வேண்டும். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி, புறநோயாளிப் பிரிவில் நீங்கள் எடுத்த தொலைபேசி.

அறிக்கை அனுப்பியவருக்கு என்ன ஆயிற்று என்று நாங்கள் திரும்பச் சொல்லாமல் விடுவது எங்கள் பக்கத்துக் குறை. ஒரு வாரம் கழித்து நீங்களே அழைத்துக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வாராந்திர அறிக்கை அனுப்பும் இடமாக இருந்தால், அந்த வாரம் ஒருவரும் வரவில்லை என்றாலும் "பூஜ்யம்" என்று எழுதி அனுப்புங்கள். பூஜ்யம் என்றால் தேடினோம், இல்லை என்று அர்த்தம். ஒன்றுமே வராவிட்டால் நோய் இல்லையா, அனுப்புபவர் விடுப்பில் இருக்கிறாரா என்று எங்களுக்குத் தெரியாது.

கடைசியாக, அறிக்கையை அனுப்பியதோடு கோப்பு மூடாது. மூன்று நாள் கழித்து ரிசல்ட் வந்ததும் மறுபடி அழையுங்கள். தட்டம்மை இல்லை, வேறொரு வைரஸ் என்றால் அதையும் சொல்லுங்கள். அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம், உங்கள் பேரில் தவறாக எதுவும் பதிவாகாது. நோயாளி வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டாலோ, இறந்துபோனாலோ, வீட்டில் இன்னொருவருக்கு வந்தாலோ அந்தச் செய்தியையும் அதே பதிவு எண்ணோடு சேர்த்துவிடுங்கள். அந்த ஏழு மாதத் தம்பிக்கு இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால் அவனுக்கு ஒரு புதுப் படிவம், அதன் மேல் அக்காவின் பதிவு எண்.